சாட்சியின் பக்கத்து நாற்காலி

பெப்ரவரி 10, திங்கள்

"பாராளுமன்றமே உன் பேச்சைக் கேக்குது, எனக்கு மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லி என் வீட்டுக்காரர் இந்த நாட்குறிப்புக் கொப்பியை வாங்கித் தந்திருக்கிறார். நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கென்று பேச ஒன்றும் மிச்சமிருப்பதில்லை, உண்மைதான். இதிலாவது பேசுகிறேனா பார்க்கலாம்.

இன்று புதிய வேலை ஒன்று தலையில் விழுந்தது. தேயிலைத் தோட்டத்துத் தாய்மாருக்காக ஒரு சட்டமூலம் வருகிறதாம். அதை ஆராயத் தெரிவுக்குழு போட்டிருக்கிறார்கள். தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் சாட்சி சொல்ல வருவார்கள், அவர்கள் தமிழைச் சிங்களத்தில் தர ஓர் ஆள் வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவி சந்திராணி மிஸ் அந்தக் குழுவின் கோப்பை என் மேசையில் வைத்தார்.

என்னோடு உரைபெயர்க்கும் நசீருக்குக் கொடுங்கள் என்றேன். நசீர் வரவு செலவு விவாதத்துக்குப் போகிறாராம். "உங்களுக்கு ஏதும் கஷ்டமா யோகேஸ்வரி?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இவர் மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடித்தார். வாசனை பொறுக்காமல் வாசலுக்கு ஓடினேன். வெயில் அதிகம், அதனால்தான்.

பெப்ரவரி 19, புதன்

முதல் அமர்வு. இன்று அதிகாரிகள் மட்டும்தான். சட்டமூலத்தின் சாரம் இவ்வளவுதான்: நாட்டில் மற்றத் தாய்மாருக்குக் கிடைக்கும் கவனிப்பு தோட்டத்துத் தாய்மாருக்கும் கிடைக்க வேண்டும். தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ், தோட்டப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் பிரசவம் பார்க்க ஒரு மருத்துவமாது. சட்டமூலத்தின் பதினோராம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது. பிரசவ அறையில் எந்த நேரமும் தாயின் மொழி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

அம்புலன்ஸுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பதினோராம் பிரிவு வந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்தார். ஏசியிலும் வியர்க்கிற அளவுக்குத் தடித்த கோட்டு. "மொழி ஒரு மருந்தா? பிரசவ வலிக்கு எந்த மொழி?" என்றார். தமிழ் அதிகாரிகளுக்காக நான் அதைத் தமிழில் தந்தேன், அவருடைய அதே மிடுக்கோடு. எங்கள் தொழிலில் முகம் சுளிக்கக் கூடாது.

இந்தத் தொழிலில் இன்னொரு கட்டாயமும் உண்டு. பேசுபவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. ஒருமுறை வயதான அமைச்சர் ஒருவர் "நான் என் மனைவிக்கு மட்டும்தான் பயப்படுவேன்" என்றார். நானும் அப்படியே சொல்ல, சபையே என்னைப் பார்த்துச் சிரித்தது. இவரிடம் சொன்னபோது, "யார் அந்த மனைவி, கும்பிடணும்" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

பதுளையில் இருக்கும் தன் அக்காவுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாமே என்று இவர் காலையிலிருந்து நச்சரித்தார். முடியாது என்றேன். "அக்காதானே?" என்றார். அக்காவுக்குச் சொன்னால் பதுளைக்கே சொன்ன மாதிரி.

முதல் தடவை எல்லோருக்கும் சொன்னோம். இவர் தன் அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். இரண்டாம் தடவை பாதிப் பேருக்குச் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இவருக்கு வாய் வரவில்லை, நான்தான் சொன்னேன். எத்தனை பேருடைய கெட்ட செய்தியையோ சொல்லிப் பழகிய குரல், அதைச் சொல்லி முடிப்பதற்குள் உடைந்து போனது. இந்தத் தடவை யாருக்கும் இல்லை. இங்கும் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் புறக்கோட்டையில் தேங்காய்த் துருவி வாங்கப் போனோம். அந்தக் கடைத்தெருவில் குழந்தைகளுக்கான சின்னக் கொசுவலைகளைக் குடை மாதிரி விரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் மறுபக்கமாக நடந்தேன். இவர் நின்று விலை கேட்டுவிட்டு வந்து, சும்மாதான் கேட்டேன் என்றார்.

ஆசையாக இருக்கிறது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

நாளை சாட்சி சொல்ல வருபவரின் எழுத்துமூல மனுவைப் படித்தேன். காத்தாயி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம், கொழுந்து பறிப்பவர். அவருடைய மகள் தமயந்தி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வலி எடுத்ததும் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தாயை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில் பெண் காதில் விழுந்திருக்கிறது, ஆனால் அவளுக்கும் சிங்களம் தெரியாது, தாதிமாருக்குத் தமிழ் தெரியாது. இரத்தம் போவதைக் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. தமயந்தியும் போய், பிள்ளையும் போனது.

மனுவைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நாளை இதையெல்லாம் "நான்" என்று சொல்ல வேண்டும். என் மகள், என் பேரப்பிள்ளை.

சந்திராணி மிஸ்ஸின் கதவு வரை போனேன். வேறு ஆள் போடுங்கள் என்றால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

எல்லாம் கெட்டுப் போய்விட்டது. வரிசையாக எழுத முயல்கிறேன். முதலில் வேறொரு தோட்டத்துப் பெண் அம்புலன்ஸ் பற்றிச் சாட்சி சொன்னார், அடுத்தது காத்தாயி அம்மா.

காத்தாயி அம்மாவை ஹட்டனில் உள்ள ஒரு பெண்கள் அமைப்பு வானில் கூட்டி வந்திருந்தது. கருஞ்சிவப்புச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்களை மேசைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டார். சாட்சிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. நான் உட்காரும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தேன். யாருக்கும் அது தெரிந்திருக்காது. பணியாள் கொண்டுவந்த பால் தேநீரை அந்தப் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

காத்தாயி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் முகத்தை, பிறகு கையை. என் கை எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

ஒலிவாங்கி திறக்குமுன் குனிந்து ஏதோ கேட்டார். "அப்படி ஒன்றும் இல்லை அம்மா" என்றேன். அவர் சிரித்தார். நம்பிய சிரிப்பு இல்லை.

குழுவுக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் நல்ல மனிதர். "அம்மா, உங்கள் மகளுக்கு நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

காத்தாயி அம்மா பார்வையை மேசைக்குத் தாழ்த்தினார். பிறகு சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க சார். அவ விதி அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்க."

அமைப்பிலிருந்து வந்த பெண் பாதி எழுந்தே விட்டாள். நான் என்ன செய்வது? சாட்சி சொன்னதைத்தான் சொல்ல முடியும். மனுவில் இருப்பது வேறு என்று எனக்குத் தெரிந்தாலும், என் வேலை அதைச் சொல்வது இல்லை. "எல்லாம் நன்றாகத்தான் கவனித்தார்கள். அது அவள் விதி" என்று நல்ல சிங்களத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

"மொழியால் ஏதும் சிக்கல் வந்ததா?" என்று கோட்டு உறுப்பினர் கேட்டார்.

"இல்லீங்க சார்."

"இல்லை" என்றேன் நானும்.

பிறகென்ன? பதினோராம் பிரிவுக்கு ஆதாரமாக இருந்த ஒரே நேரடிச் சாட்சியே இப்படிச் சொல்கிறார், அதை நீக்கிவிடலாம் என்றார் கோட்டு. தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மே மாதம் இறுதி அமர்வு, அதற்குள் வேறு ஆதாரம் வராவிட்டால் நீக்குவோம் என்று முடித்தார்.

உரைபெயர்ப்பாளர் வெளியே சாட்சியோடு பேசக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் போனேன். வான் நிறுத்துமிடத்தில் காத்தாயி அம்மா தனியாக நின்றிருந்தார். அமைப்புப் பெண் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரத்தில் யாருக்கோ ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? பொய்தானே?"

"பொய்தான் புள்ள."

"அங்கயிருந்து விடிய விடிய வந்து, பொய் சொல்லவா வந்தீங்க?"

"நீ பக்கத்துல ஒக்காந்திருக்கையில அதை எப்படிச் சொல்லுவேன்? வயித்துப்புள்ளக்காரி காதுல யாராச்சும் அந்தக் கதைய ஓதுவாங்களா? அதுலயும் நீ கேக்குறது மட்டுமா? எனக்கு முந்தி சொன்ன பொம்பளையப் பாத்தேனே. அவ 'நான்'னா நீயும் 'நான்'ங்கிற. 'என் மக செத்துட்டா'ன்னு ஒன் வாயால சொல்ல வைப்பனா? எனக்குப் போனது போயிருச்சி."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"பதினோராம் பிரிவு போனா, நாளைக்கு இன்னொருத்தி மகளும் அதே மாதிரி உள்ள கத்திக்கிட்டுக் கிடப்பாம்மா. அந்தப் பிரிவை எடுக்கப் போறாங்க."

"ஒனக்குப் பொறக்கட்டும். அப்புறம் வந்து எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன்."

"மே மாசத்தோட முடிஞ்சிரும்."

"அப்ப வேற ஆளப் போடச் சொல்லு." சொன்ன கையோடு அவருக்கே ஒரு சந்தேகம். "அந்த ஆளு ஆம்பளையா?" என்றார்.

ஆமாம், நசீர் என்ற ஒருவர்தான் இருக்கிறார் என்றேன்.

"என் மக பிரசவத்தை ஆம்பள வாயில குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வானில் ஏறிவிட்டார். ஏறிய பிறகு ஜன்னல் வழியாக என் ஃபோன் நம்பரைக் கேட்டார்.

ஆமாம். எழுதிவிடுகிறேன். நான்காம் மாதம் நடக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

காத்தாயி அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. சட்டமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கஞ்சி குடிச்சியா? கால் வீங்குதா? படியில பாத்து ஏறு." இவர் பக்கத்தில் நின்று யார் யார் என்று சைகை செய்தார். இவருக்குத் தெரியாமல் நான் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டார். சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார் என்றதும், "ஒருத்தருக்காவது தெரியுதே" என்று ஆறுதலடைந்தார். பாவம், யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி ஃபோன். தமயந்திக்கும் நான்காம் மாதத்தில் புளியங்காய் மேல்தான் ஆசையாம். சொல்லிவிட்டு அவசரமாக, "அத விடு" என்றார். அவர் அத விடு, அத விடு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல இருக்கிறது. என் அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. கால் வீங்குதா என்று என்னைக் கேட்க ஆள் இல்லாமல் போனதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 5, சனி

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது.

புதன் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உடையில் இரத்தம் பட்டிருப்பதைக் கண்டேன். இவர் முச்சக்கரவண்டியில் என்னைத் தூக்கி வைத்த மாதிரி வைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் உள்ளே ஆண்களை விடவில்லை. நான் மட்டும் போனேன்.

தாதி விரைவாகக் கேட்டாள். எப்போதிலிருந்து, எவ்வளவு, வலி எங்கே. சிங்களம்தான். எல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழ்தான் வருகிறது. "தலை சுத்துது." மறுபடி முயன்றேன். "தலை சுத்துது." சிங்களத்தில் அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாதா? பாடசாலையில் சிங்களத்தில் பரிசு வாங்கியவள். மந்திரிமார் திணறும் இடத்தில் அவர்களுக்கே சொல் எடுத்துக் கொடுப்பவள். பயத்தில் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அம்மாவோடு பேசிய பேச்சு மட்டும்தான் இருந்தது.

"இவளுக்குச் சிங்களம் தெரியாது" என்று தாதி இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கெட்டவள் இல்லை. அவளுக்கும் நிற்க நேரமில்லை. திரை அசைந்தது, அவள் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தலை சுத்துது, தலை சுத்துது என்றே கிடந்தேன். யார் காதிலும் விழவில்லை. விழுந்தும் பயனில்லை.

தமயந்தி என்ன சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள் என்று அப்போது தெரிந்தது. இதையேதான் சொல்லியிருப்பாள்.

பிறகு ஒரு டொக்டர் வந்தார். வயிற்றில் கருவியை வைத்தார். சத்தம் கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி. "துடிப்பு இருக்கிறது, நன்றாக இருக்கிறது" என்றார். நான் அழகான சிங்களத்தில் அவருக்கு நன்றி சொன்னேன். தாதி என்னை முறைத்தாள். "தெரியும் என்றால் ஏன் இவ்வளவு நேரம் பேசவில்லை?"

வெளியே நிற்கும் இவரிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

பத்து நாள் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சமைக்கிறார். எல்லாவற்றிலும் உப்பு கூட.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வெடி கொளுத்தினார்கள். இவர் கிண்டிய பால் சோறு அடிப்பிடித்தது, அதையும் நல்லா இருக்கு என்று சாப்பிட்டோம். புதுவருடக் கைவிசேஷக் காசு கொடுக்கும்போது இவர் இரண்டு நாணயம் வைத்தார். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

காத்தாயி அம்மாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"தலை சுத்துதுன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"பக்கத்துக் கட்டில் புள்ளையும் அதத்தான் சொன்னுச்சி. எம்புள்ள தலை சுத்துது, தலை சுத்துதுன்னே சொல்லிக்கிட்டுக் கிடந்தாளாம்."

அவர் அழுவது கேட்டது. ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு அழுகிறார், எனக்குக் கேட்கக் கூடாதாம்.

"அம்மா, வாங்க. நான் பக்கத்துல இருக்கேன். நீங்க சொல்றதை நான் சொல்றேன்."

"வேணாம் புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். உங்க கதையக் கேட்டா என் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்னு நானும் மார்ச் மாசம் பயந்தேன். கேட்காமலேயே ஆகப் பார்த்துச்சே அம்மா."

யோசிச்சிச் சொல்றேன் என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். சேலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் இன்னும் தெரியவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். சந்திராணி மிஸ் இறுதி அமர்வுக்கு நசீரைப் போடலாமா என்று கேட்டார். போன மாதம் நானே கெஞ்சியிருப்பேன். நானே செய்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ஃபோன் இல்லை.

மே 4, ஞாயிறு

ஃபோன் இல்லை. நான் கூப்பிட்டாலும் காத்தாயி அம்மா எடுக்கவில்லை. கொழுந்து அதிகமாக வரும் காலம், மலையில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். இவரிடம் சொன்னேன், வராவிட்டால் நான் கோபித்துக்கொள்ள முடியாது என்று. இவர், "நீ கோவப்படலன்னா நான் கோவப்படுறேன்" என்றார். பிறகு சின்னக் குரலில், வராமல் இருந்தாலும் நல்லதுதானோ என்று கேட்டார். இவருக்கும் பயம். இருவரும் ஒரே பயத்தை இரண்டு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

மே 7, புதன்

இரவு சாப்பாட்டு நேரம் ஃபோன் வந்தது. "நாளைக்கு வர்றேன்." அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

அதே அறை, அதே நாற்காலிகள். கோட்டு உறுப்பினர் அதே கோட்டு. நசீர் விவாதம் முடிந்து சும்மா பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சந்திராணி மிஸ்.

காத்தாயி அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா சாப்பிடுற போல" என்றார். ஒலிவாங்கி திறந்தது.

தவிசாளர், "போன தடவை சொன்னதைத் திருத்த வேண்டும் என்று அமைப்பு மூலம் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள்" என்றார். நான் தமிழில் தந்தேன்.

காத்தாயி அம்மா தவிசாளரைப் பார்க்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, என் வயிற்றைப் பார்த்துப் பேசினார். மெதுவாகத்தான், ஆனால் ஒலிவாங்கி திறந்திருந்தது.

"கண்ணு, நான் இப்ப சொல்லப்போறது ஒனக்கு இல்ல. நீ காதப் பொத்திக்க. இது என் மக கதை, அது அவளோடயே போயிருச்சி, ஒன்கிட்ட வராது. நீ நல்லபடியா வந்து சேரு சாமி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சிங்களத்தில் என்ன என்று காத்திருந்தார்கள்.

சாட்சி சொல்வது எதையும் விடக் கூடாது. ஒரு இருமலைக்கூட நான் விட்டதில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? இங்கே வேலை செய்பவர்களில் நசீர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் சொல்ல மாட்டார். இந்த அறையில் சொன்னால் நாளைக்கே மாடி முழுக்கத் தெரியும். மூன்றாம் தடவையும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏதாவது ஆனால், மறுபடி ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும்.

சொன்னேன். கண்ணு என்ற சொல்லுக்குச் சிங்களத்தில் சரியான சொல் தேடி, தங்கமே என்ற பொருளில் ஒன்றைப் போட்டு, கடைசி வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். குரல் ஒரு இடத்தில் நடுங்கியது. நடுங்கட்டும்.

சந்திராணி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். தவிசாளர், "நாங்கள் காத்திருக்கிறோம், அவசரமில்லை" என்றார்.

பிறகு காத்தாயி அம்மா சொன்னார். லொறியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தது. ஒவ்வொரு வளைவிலும் மகள் கையைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் தன்னைத் தடுத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தம் கேட்டது, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சியது, தான் கெஞ்சியதும் அங்கே யாருக்கும் புரியாமல் போனது. நான் ஒவ்வொன்றையும் "நான்" என்றே சொன்னேன். நான் ஜன்னலில் நின்றேன். நான் கத்தினேன். என் மகள் பெயர் தமயந்தி. அவளுக்குத் தலை சுற்றியது. அவள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது ஒருவருக்கும் புரியவில்லை. என் மகளும் அவள் பிள்ளையும் செத்துப் போனார்கள்.

சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது, அவ்வளவுதான்.

"போன தடவை ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள்?" என்று கோட்டு கேட்டார். மிடுக்கு குறைந்திருந்தது.

"இந்தப் புள்ளைக்காகத்தான் சார்" என்று காத்தாயி அம்மா என்னைக் காட்டினார். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பதினோராம் பிரிவு இருக்கட்டும் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். கோட்டு எதிர்த்தே வாக்களித்தார். இனி சட்டமூலம் சபைக்குப் போக வேண்டும். எப்போது போகும், அங்கே என்ன ஆகும், யாருக்கும் தெரியாது. வானில் ஏறும்போது காத்தாயி அம்மாவிடம் அதைச் சொன்னேன். "நான் சொல்லிட்டேன்ல, அது போதும்" என்றார். போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வான் திரும்பும் வரை ஜன்னலில் கையை வைத்துக்கொண்டே போனார். அந்தக் கை இன்னொரு பெண்ணின் தலையைத் தடவ ஏங்கும் கை. எனக்கு அப்படியே ஓடிப்போய் அந்த வானில் ஏறிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மேசைக்குத் திரும்பினால் பாராளுமன்றப் பேச்சுகளைப் பதியும் ஹன்சாட் பிரிவு விமலசிறி காத்திருந்தார். பதிவுக்கு ஒரு சந்தேகம் என்றார். சாட்சி முதலில் பேசியது குழுவை நோக்கி இல்லை. விசாரணைக்குச் சம்பந்தமும் இல்லை. வேண்டுமானால் நீக்கிவிடலாம், உங்களுக்கும் அதுதான் வசதியாக இருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நல்ல பையன்.

இருக்கட்டும் என்றேன்.

"அப்படியென்றால் யாரை நோக்கிச் சொன்னது என்று போட வேண்டும் மிஸ். உரைபெயர்ப்பாளரிடம் என்று போடவா?"

"என்னிடம் சொல்லவில்லை."

"பிறகு யாரிடம்?"

"என் பிள்ளையிடம்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல. அடுத்த மேசையில் இருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விமலசிறி எழுதிக்கொண்டார்.